விற்பவர் சொல்லும் எண்ணும் வானம் சொல்லும் எண்ணும்

எஞ்சின் இல்லாத வானூர்தி ஒன்றை வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது ஓர் எண்ணைத்தான். ஒரு மீட்டர் உயரத்தை இழப்பதற்குள் அந்த ஊர்தி எத்தனை மீட்டர் முன்னேறும் என்பதே அந்த எண். ஐம்பது என்று விடை வந்தால், ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் ஐம்பது கிலோமீட்டர் தொலைவு செல்லும் என்று பொருள். இதனைச் சறுக்கு விகிதம் எனலாம். கிளைடர் எனப்படும் சறுக்கு வானூர்திகளின் உலகில் விலை, மதிப்பு, பெருமை யாவும் பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைச் சுற்றியே அமைகின்றன. விளம்பரத்தில் அது முன்னிடத்தில் நிற்கும். அது எவ்வாறு கிடைத்தது என்னும் செய்திக்கு மட்டும் அங்கே இடம் இருப்பது அரிது.

இலக்கியம் பேச வந்த இடத்தில் வானூர்திக் கணக்கு எதற்கு என்று வாசகர் கேட்கலாம். மதிப்புரைகளையும் விமரிசனங்களையும் படித்துப் பழகியவர்களுக்கு இந்த எண்ணின் கதை அந்நியமாக இராது என்பது நம் எண்ணம். ஒரு நூலைப் பற்றி அதன் பின்னட்டை சொல்வதும், அந்நூலால் ஆதாயமோ இழப்போ இல்லாத ஒருவர் படித்து முடித்துவிட்டுச் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. வானூர்தியிலும் நிலைமை அதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பின்னட்டையை நம்பியவருக்குச் சில நூறு ரூபாயும் இரண்டு மாலைப்பொழுதுகளும் நட்டம். விளம்பர எண்ணை நம்பிய விமானியோ ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டர் முன்பே, மரங்களுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே இறங்க இடம் தேட வேண்டியிருக்கும். ஆகவே நாம் இங்கே வலியுறுத்த விரும்புவது இதுதான்: பறக்கும்போது அளந்து சரிபார்க்கப்படாத எண்ணை முடிந்த முடிபாக ஏற்றல் கூடாது, அளப்பவர் விற்பவராக இல்லாதிருத்தல் வேண்டும், எண்ணோடு, அதனை அளந்த வழியும் சேர்த்தே வெளியிடப்பட வேண்டும்.

அளத்தல் எளிய செயல் போலத்தான் தோன்றும். ஊர்தியை உயரே இழுத்துச் சென்று விட்டுவிட வேண்டும். விமானி ஒரே சீரான வேகத்தில் பறந்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு உயரம் குறைந்தது என்பதைக் கடிகாரத்தையும் உயரமானியையும் கொண்டு குறித்துக்கொள்ள வேண்டும். வேகத்தை மாற்றி மாற்றி இதனையே செய்தால், எந்த வேகத்துக்கு எவ்வளவு இறக்கம் என்று காட்டும் வளைகோடு ஒன்று கிடைத்துவிடும். சறுக்கு விகிதம் முழுவதும் அந்தக் கோட்டுக்குள் அடக்கம்.

இடர்ப்பாடு காற்றில் இருக்கிறது. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஊர்தி நொடிக்கு ஏறத்தாழ 27.8 மீட்டர் முன்னேறுகிறது. அதன் உண்மையான சறுக்கு விகிதம் 50 எனில், நொடிக்கு 56 சென்டிமீட்டர் இறங்கும். அது மிதந்து செல்லும் காற்றே நொடிக்கு 10 சென்டிமீட்டர் கீழிறங்கிக்கொண்டிருந்தால் இறக்கம் 66 சென்டிமீட்டர் ஆகிவிடும்; அளப்பவர் 42 என்று எழுதிக்கொள்வார். அதே காற்று 10 சென்டிமீட்டர் மேலேறிக்கொண்டிருந்தால், 60-க்கு மேல் என்று எழுதிக்கொள்வார். நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் என்பது நம் முகத்தில் பட்டாலும் உணர இயலாத அசைவு. அவ்வளவு மெல்லிய அசைவு ஒரு நல்ல ஊர்தியைப் பழுதுள்ளதாகவோ, உலகின் தலைசிறந்ததாகவோ மாற்றிக் காட்டிவிடுகிறது. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒருவர்கூட, தமக்கு உவப்பான ஒரு காலைப்பொழுதைத் தேர்ந்துகொண்டால் போதும், எண் உயர்ந்துவிடும்.

கருவிகளும் குற்றமற்றவை அல்ல. ஊர்தியின் உடற்பகுதியில் காற்றழுத்தத்தை வாங்கும் சிறு துளைகள் அமைந்த இடத்தைப் பொறுத்து வேகமானி பிழைபடும். உயரமானி உண்மையில் அளப்பது அழுத்தத்தைத்தான். அன்றைய வெப்பநிலையைக் கொண்டு திருத்தாவிட்டால் அது காட்டும் முந்நூறு மீட்டர் மெய்யான முந்நூறு மீட்டர் ஆகாது. எடையையும் கணக்கில் கொள்ள வேண்டும். எடை கூடினால், ஏறத்தாழ அதே சறுக்கு விகிதம் இன்னும் உயர்ந்த வேகத்தில் கிடைக்கும். எடையைக் குறிப்பிடாத அளவீடு, பதிப்பாண்டைக் குறிப்பிடாத மேற்கோளைப் போன்றது.

பறக்கும் பொறியைக் கனவு காணாத இலக்கியம் அரிது. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவரும் நாம் இதனை அறிவோம். கனவிலிருந்து வானுக்குச் சென்ற வழி அளத்தலின் வழியாக அமைந்தது என்பதற்கு ரைட் சகோதரர்களைவிடச் சிறந்த சான்று இல்லை. அவர்களுக்கு முன்னோடியான ஜெர்மானியர் ஓட்டோ லிலியென்டால் 1889-இல் பறவைப் பறத்தல் குறித்துத் தம் நூலை வெளியிட்டவர். 1891 முதல் 1896-இல் விபத்தில் இறக்கும் வரை தம் சறுக்கு ஊர்திகளில் பல நூறு முறை பறந்தவர். அவர் தொகுத்த அட்டவணைகளும், பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டனின் பெயரால் வழங்கிய காற்றழுத்தக் கெழு ஒன்றும் ரைட் சகோதரர்களின் கணக்குக்கு அடிப்படையாக இருந்தன.

1900-இலும் 1901-இலும் வட கரோலினாவின் கிட்டி ஹாக் கடற்கரையில் அவர்கள் தம் ஊர்தியைக் கயிற்றில் கட்டிப் பட்டம் போல் ஏற்றினார்கள். கயிற்றின் இழுப்பைச் சுருள்வில் தராசினால் அளந்தார்கள். கயிறு எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்பதையும் பார்த்தார்கள். காற்று ஊர்தியைப் பின்னோக்கித் தள்ளுவது மிகுதியாக இருந்தால் கயிறு சாய்ந்து நிற்கும். மேலே தூக்குவது மிகுந்து தடை குறைந்தால் கயிறு செங்குத்தை நெருங்கும். தராசும் சாய்வும் சேர்ந்து தூக்குவிசை, இழுவை இரண்டையும் சொல்லிவிடும். 1901-ஆம் ஆண்டு ஊர்தி தந்த தூக்குவிசை, கணக்கு எதிர்பார்த்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். பிழை எங்கே என்று தேடியவர்கள், ஸ்மீட்டனின் கெழுவை ஐயுற்றார்கள். வழக்கில் இருந்த மதிப்பு 0.005, அவர்கள் கண்ட மதிப்பு ஏறத்தாழ 0.0033. ஒன்றரை மடங்கு மிகை. ஏடு பெயர்த்து எழுதுவோர் மூலத்தின் பிழையையும் பக்தியோடு படியெடுத்துவருவது போல, நூறாண்டுக்கு மேலாக அந்த எண் நூலிலிருந்து நூலுக்கு இறங்கி வந்திருந்தது.

அவ்வாண்டின் பிற்பகுதியில் டேட்டன் நகரில் சிறியதொரு காற்றுச் சுரங்கத்தை அமைத்து, ஏறத்தாழ இருநூறு சிறகு வடிவங்களை அவர்கள் சோதித்தது பலரும் அறிந்த செய்தி. அந்தச் சுரங்கத்துக்கு அவர்களை அனுப்பியது எது என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். திறந்த வெளியில், பறக்கும் ஊர்தியில் எடுத்த அளவு நூலின் எண்ணோடு முரண்பட்டது. அந்த முரண்பாட்டை அவர்கள் தராசின் குற்றம் என்று ஒதுக்கிவிடவில்லை. 1902-ஆம் ஆண்டு ஊர்தி அதே கடற்கரையில் எழுநூறு முதல் ஆயிரம் முறை வரை சறுக்கிப் பறந்தது. மறுஆண்டு டிசம்பரில் எஞ்சின் பொருத்திய ஊர்தி எழுந்தது.

அளத்தல் குறைகாண்பதற்கு மட்டும் உரியது என்று கருதுவோர் உண்டு. விமரிசனத்தைப் பற்றியும் இப்படிச் சொல்வார்கள். இதற்கு மறுமொழியாக ஆர்ஜே-5 என்னும் அமெரிக்க ஊர்தியைச் சுட்டலாம். ஹார்லண்ட் ராஸ் வடிவமைத்து ரிச்சர்ட் ஜான்சன் நிறைவுசெய்த அந்த ஊர்தி, மிசிசிப்பியில் ஆகஸ்ட் ராஸ்பெட் என்னும் இயற்பியலாளரின் ஆய்வுக்கு உட்பட்டது. ராஸ்பெட் காற்று அடங்கிக் கிடக்கும் நேரத்தில் ஊர்திகளை உயரே கொண்டுசென்று இறக்கத்தை அளந்து, எந்த இடுக்கில் காற்று கசிகிறது, மேற்பரப்பு எங்கே மேடுபள்ளமாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் களையும் முறையைக் கையாண்டவர். ஒன்றைத் திருத்துவது, மீண்டும் அளப்பது. இன்னொன்றைத் திருத்துவது, மீண்டும் அளப்பது. இவ்வாறு 40 என்ற சறுக்கு விகித எல்லையைத் தாண்டிய முதல் ஊர்தி என்ற பெயர் ஆர்ஜே-5க்குக் கிடைத்தது. 1951 ஆகஸ்டில் ஜான்சன் அதில் டெக்சாஸிலிருந்து கான்சாஸ் வரை 861 கிலோமீட்டர் பறந்து உலகச் சாதனை படைத்தார். கண்டிப்பாக அளந்தவர்களால்தான் அந்த ஊர்தி வளர்ந்தது.

அதே ஜான்சன்தான் பின்னாளில் நம் வாதத்துக்கு முதன்மைச் சான்றாகிறார். அமெரிக்கத் தேசியப் போட்டியில் பதினொரு முறை வாகை சூடிய அவர், 1970-களிலிருந்து பல பத்தாண்டுகள், புதிதாகச் சந்தைக்கு வந்த சறுக்கு ஊர்திகளைத் தாமே பறந்து அளந்து 'சோரிங்' இதழில் எழுதிவந்தார். காற்று அசையத் தொடங்குமுன், காலையின் அமைதியில், ஊர்தியை மிக உயரத்துக்கு இழுத்துச் சென்று வேகம் வேகமாக இறக்கத்தைக் குறிப்பது அவர் முறை. அதற்குமுன் வேகமானியின் பிழையைத் தனியே அளந்து திருத்திக்கொள்வார். ஒருநாள் அளவோடு நிறைவடையாமல் வேறு நாள்களிலும் பறப்பார். இழுவைச் செலவை டல்லாஸ் வட்டாரக் கிளைடர் ஆர்வலர்களின் சங்கம் ஏற்றது. கட்டுரையில் முடிவு மட்டும் இராது. அளவுப் புள்ளிகள் வரைபடத்தில் சிதறிக் கிடப்பதையும் வாசகர் காணலாம். கோடு எந்தப் புள்ளிகளுக்கு நடுவே போடப்பட்டது என்று பார்த்து, உடன்படாதவர் உடன்படாமல் இருக்கலாம்.

அவர் அளந்த ஊர்திகள் பலவற்றின் எண் விளம்பர எண்ணைவிடக் குறைவாகவே இருந்தது. அந்த ஊர்திகளின் விளம்பரங்கள் வெளிவந்த அதே இதழில்தான் இந்தக் கட்டுரைகளும் வந்தன என்பதை நம் சிற்றிதழ் வாசகர்கள் கவனிக்க வேண்டும். விளம்பரதாரர் மனம் கோணுமே என்று மதிப்புரையை மழுப்பும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. ஓர் இதழ் அந்த வழக்கத்துக்கு ஆட்படாமல், விற்பவரின் எண்ணையும் அளந்தவரின் எண்ணையும் பல ஆண்டுகள் பக்கம் பக்கமாக வெளியிட்டது சிறிய செயல் அன்று. ஜான்சன் 2008-இல் தம் 85-ஆம் வயதில் கிளைடர் விபத்தொன்றில் மறைந்தார். அந்தக் கட்டுரைகளைச் சறுக்கு விமானிகள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

தயாரிப்பாளர் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சோதனைக்குக் கிடைப்பது யாரோ ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் ஓர் ஊர்தி. அதன் மேற்பூச்சு சற்றே சுருங்கியிருக்கலாம். அசையும் பகுதிகளின் இடுக்கை அடைக்கும் பட்டை பெயர்ந்திருக்கலாம். இன்றைய ஊர்திகளின் சிறகில் காற்று படலம் படலமாக, குழப்பமின்றி வழுக்கிச் செல்லுமாறு வடிவம் அமைக்கப்படுகிறது. முன்விளிம்பில் பூச்சிகள் மோதி ஒட்டினால் அந்த ஒழுங்கு குலைந்து இழுவை கூடிவிடும். பறக்கும்போதே அவற்றைத் துடைத்தெடுக்கும் சிறு கருவிகளைச் சிறகில் பொருத்திக்கொள்ளும் விமானிகள் உண்டு. இப்படி ஓர் ஊர்தியில் கண்ட எண்ணை அந்த வகை முழுவதற்கும் ஏற்றிச் சொல்லலாமா என்று தயாரிப்பாளர் கேட்டால், அது செவிமடுக்கத் தக்க கேள்வியே. ஆனால் இந்தக் கேள்வி விளம்பர எண்ணுக்கு அரணாக அமைவதில்லை. விமானி வாங்கிப் பறப்பதும் அத்தகைய ஊர்தியில்தான். வரைபலகையில் இருக்கும் குறையற்ற ஊர்தியில் எவரும் ஏறிப் பறப்பதில்லை.

அசையும் காற்றின் சிக்கலுக்கு ஜெர்மானியர் கண்ட வழி வேறு. அங்கே பல்கலைக்கழகங்களில் மாணவர்களே வானூர்தி வடிவமைத்துக் கட்டிப் பறக்கும் குழுக்கள் நூறாண்டு மரபுடையவை. அக்குழுக்களின் கூட்டமைப்பான ஐடாஃப்ளீக், ஜெர்மனியின் வானூர்தி ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, கோடைக்காலங்களில் கூடி ஊர்திகளை அளக்கிறது. புதிய ஊர்தியும், இயல்புகள் முன்னரே நன்கு அளந்தறியப்பட்ட ஓர் ஊர்தியும் அருகருகே ஒரே வேகத்தில் பறக்கின்றன. காற்று ஏறினாலும் இறங்கினாலும் இரண்டுக்கும் அது பொது. ஆகவே காற்றின் அசைவு கணக்கிலிருந்து கழன்றுவிடுகிறது. இரண்டுக்கும் இடையே உயர வேறுபாடு எவ்வளவு மாறுகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். முன்னர் புகைப்படங்களைக் கொண்டு இதனைக் கணக்கிட்டார்கள். பின்னர் செயற்கைக்கோள் வழி இடமறியும் கருவிகள் வந்தன. டிஜி-300 வகையைச் சேர்ந்த, 17 மீட்டர் சிறககலம் கொண்ட ஓர் ஊர்தி நெடுங்காலம் இந்த ஒப்பீட்டுக்கு உரைகல்லாக இருந்தது; அதன்பின் டிஸ்கஸ்-2சி வகை ஊர்தி ஒன்று அவ்விடத்துக்கு வந்தது.

உரைகல் என்ற சொல்லை நாம் எண்ணித்தான் பயன்படுத்துகிறோம். புதிய படைப்பைத் தேர்ந்த படைப்பொன்றின் அருகில் வைத்துப் படிப்பது திறனாய்வின் பழைய வழிகளில் ஒன்று. படிப்பவரின் அன்றைய மனநிலை இரண்டையும் ஒருசேரப் பாதிக்கும் என்பதால் அது கழன்றுவிடும். ஆனால் இந்த வழிக்கு ஒரு முன்கடமை உண்டு. உரைகல்லே முதலில் ஐயமற அறியப்பட்டிருக்க வேண்டும். ஐடாஃப்ளீக்கின் ஒப்பீட்டு ஊர்தி திரும்பத் திரும்பப் பறந்து அளக்கப்பட்ட பின்னரே பிறவற்றுக்கு அளவுகோலாயிற்று. கல்லைச் சோதிக்காமல் பொன்னைச் சோதித்தவர்கள் அடையும் முடிவுகளை இலக்கிய உலகில் நாம் போதுமான அளவு கண்டிருக்கிறோம்.

இன்று இதற்கெல்லாம் தேவை என்ன என்று கேட்பவர்கள் இரு வகையினர். கணினியே சிறகைச் சுற்றிய காற்றோட்டத்தைக் கணக்கிட்டுத் தந்துவிடுகிறதே என்பார் ஒருவகையினர். கணினியின் பயனை நாம் மறுக்கவில்லை. அது இன்றி இன்றைய சிறகுகள் இல்லை. எனினும் அது கணக்கிடுவது தனக்குத் தரப்பட்ட வடிவத்தை. அச்சிலிருந்து எடுத்த சிறகின் அலையையும், பொருத்தியவர் விட்ட இடுக்கையும் எவரேனும் அளந்து சொன்னாலன்றி அது அறியாது. போட்டிகளே தீர்ப்பு வழங்கிவிடுமே என்பார் மற்றொரு வகையினர். போட்டியில் வெல்வது விமானி. எங்கே ஏறுகாற்று இருக்கும் என்று மேகத்தைப் பார்த்தே கண்டுகொள்ளும் ஒருவர், சுமாரான ஊர்தியிலும் முந்திவிடுவார். நல்ல ஓதுவார் பாடினார் என்பதற்காகப் பாட்டின் யாப்பு திருந்திவிடாது.

இந்த எண் உயிரோடு எவ்வளவு நெருங்கியது என்பதற்கு, சறுக்கு ஊர்தியே அல்லாத ஒரு விமானத்தின் கதை சான்றாகிறது. 1983 ஜூலை 23-ஆம் நாள் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று 61 பயணிகளோடும் 8 பணியாளர்களோடும் நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரு எஞ்சின்களும் நின்று, கிளைடராகிவிட்டது. காரணம் ஓர் அளவுக் குழப்பம். எரிபொருள்மானி செயல்படாத நிலையில் லிட்டரை எடையாக மாற்றியபோது, கிலோகிராமுக்கு உரிய 0.8-க்குப் பதில் பவுண்டுக்கு உரிய 1.77 பயன்படுத்தப்பட்டது. தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் புறப்பட்டது. இரு எஞ்சின்களும் நின்றால் என்ன செய்வது என்பதற்கு அவசரக் கையேட்டில் பகுதி இல்லை.

தலைமை விமானி பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். எந்த வேகத்தில் சென்றால் மிகுந்த தொலைவு கிடைக்கும் என்பதை அனுபவத்தால் மதிப்பிட்டு அந்த வேகத்தைப் பிடித்தார். துணை விமானி மொரிஸ் குவின்டால் உயரமானியைப் பார்த்தார். தரைக் கட்டுப்பாட்டினர் ரேடாரில் கண்டு சொன்ன தொலைவைக் குறித்தார். 10 கடல்மைல் செல்வதற்குள் 5,000 அடி இறங்கியிருந்தது. அதாவது சறுக்கு விகிதம் ஏறத்தாழ 12. அந்த எண்ணைக் கொண்டு வின்னிபெக் நகரை எட்ட இயலாது என்று அறிந்து, கிம்லி என்னும் இடத்தில் இருந்த பழைய விமானப்படைத் தளத்துக்குத் திரும்பினார்கள். 69 பேரும் உயிர் தப்பினார்கள். தரையில் சரிபார்க்காமல் எழுதிய ஓர் எண் அவர்களை அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது; பறக்கும்போது அளந்த ஓர் எண் இறங்க வேண்டிய இடத்தைத் தெரிந்துகொள்ள உதவியது.

எனவே சறுக்கு ஊர்தி வாங்குபவரும், அதனைப் பற்றி எழுதும் இதழும் விடாது கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்த எண்ணை அளந்தவர் யார்? எந்த ஊர்தியில், எந்த எடையில், எத்தனை நாள்களில் அளந்தார்? கருவிகளின் பிழை எவ்வாறு திருத்தப்பட்டது? ஒப்பிட்டு அளந்திருந்தால் ஒப்பீட்டு ஊர்தியை அளந்தவர் யார்? இவற்றுக்கு விடை கூறும் எண் விளம்பர எண்ணைவிட நாலைந்து குறைந்திருந்தாலும் அதனையே நாம் தேர்வோம். ஐம்பது என்று நம்பிக் கிளம்பி நாற்பத்திரண்டில் தரைதட்டுவதைவிட, நாற்பத்திரண்டு என்று அறிந்து அதற்கேற்பத் திட்டமிட்டு ஓடுபாதையில் இறங்குவது மேல். விளம்பர எண்ணைப் பொய் என்று பழிக்க வேண்டியதில்லை. சார்பற்ற ஒருவர் அதிகாலைக் காற்றில் ஏறிச் சரிபார்த்துவிட்டு வரும் வரை அதனை ஒரு வாக்குறுதியாக மட்டும் வைத்துக்கொள்வோம்.